கண்ணாடிக்குள் செங்கீரி

என் புருஷனைக் கொன்ற சேவலை, அவன் செத்துப் பதினோரு வருஷம் கழித்து, சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், இடித்த வீட்டிலிருந்து வந்த ஜன்னல் கண்ணாடி ஒன்றில் நான் செதுக்கினேன். கண்ணை வைத்ததும் அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, பார்த்துவிட்டு என் ஆள்காட்டி விரலைக் கொத்தியது, ரத்தம் வந்தது, நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னேன். அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் சொல்வது ஊருக்குத் தோதானபடி, நான் சொல்வது நடந்தபடி.

நான் வேலாத்தாள். கொன்னையாம்பாளையத்தில் இடிக்கிற வீடுகளின் கதவு, வாசக்கால் நிலவு, ஜன்னல் எல்லாம் வாங்கி விற்கிறவள். புருஷன் செத்த அன்றைக்கு எனக்கு முப்பத்து மூன்று வயது, கையில் ஒன்றுமில்லை, படிப்பு ஐந்தாவது, கோபம் மட்டும் வண்டி வண்டியாய் இருந்தது. அந்தக் கோபத்தை வைத்துத்தான் தொழில் செய்தேன். விலை பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கக் கூடாது, தொண்டையைப் பார்க்க வேண்டும், அவன் எச்சில் விழுங்குகிற இடத்தில்தான் விலை இருக்கிறது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு பேரிடம் ஏமாந்து, ஒருவனைச் செருப்பால் அடித்து, நானே கண்டுபிடித்தது.

பழைய கண்ணாடியை யாரும் வெறுமனே வாங்குவதில்லை, பூப்போட்டுக் கொடு, கொடி போட்டுக் கொடு என்கிறார்கள். கரூரில் கண்ணாடிக்காரனிடம் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கிறான். அவன் என்ன ஆகாயத்திலிருந்து குதித்தவனா என்று, பேனா மாதிரி ஒரு சின்ன மிஷினை வாங்கினேன். முனையில் வைரப் பொடி ஒட்டியிருக்கும், சார்ஜ் போட்டால் கிர்ரென்று சுற்றும். செல்போனில் பார்த்துப் பார்த்துப் படித்தேன். ஊறுகாய்ப் பாட்டிலில் முதல் கோடு. படத்தைக் காகிதத்தில் வரைந்து கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட வேண்டும், அடியில் கறுப்புத் துணி விரிக்க வேண்டும், அப்போதுதான் கோடு வெள்ளையாய்த் தெரியும். அவ்வப்போது சொட்டுத் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் முனை சூடேறிக் கண்ணாடி சில்லுப் பெயரும், தூள் மூக்கில் ஏறும். அழுத்தவே கூடாது. நான் பிறந்ததிலிருந்து எதையும் அழுத்தாமல் செய்தவள் இல்லை, அதனால் முதல் மாதம் பத்துப் பாட்டில்களும் ஒரு டம்ளர் செட்டும் போயின. அதோடு கண்ணாடியில் கோடு போட்டால் போட்டதுதான், அழிக்க முடியாது. தப்பை மறைக்க இன்னொரு கோடு, அதை மறைக்க இன்னொன்று என்று, கொடியாகத் தொடங்கிக் காடாக முடிந்த கண்ணாடிகள் என் வீட்டுச் சுவரெல்லாம் சாய்ந்து கிடந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பாவாயி தன் வாசலில் நின்றபடி, என் காதில் விழட்டும் என்றே, யாரிடமோ சொன்னாள்:

“குடிகாரன் பொண்டாட்டி கொடி போடறாளாமா.”

அவ்வளவுதான். பின்னால் ஒட்டியிருந்த கொடிப் படத்தைக் கிழித்தெறிந்தேன். படமில்லாமலே, பாராமலே வரையக்கூடிய ஒரே உருவம் என் கையில் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வற்றிய ஏரிக்கு அந்தப் பக்கம் வேலங்காட்டுக்குள் சேவக்கட்டு. என் புருஷன் சென்னியப்பனின் வெள்ளைச் சேவலும் எங்கள் ஊர் அர்த்தநாரியின் செங்கீரி நிறச் சேவலும். வெத்துக்கால் சண்டை என்று பேச்சு. காலில் கத்தி கட்டாமல் விடுவது வெத்துக்கால். கத்திக்கட்டு என்றால் எவனும் கிட்டே நிற்க மாட்டான், பறக்கிற கத்திக்கு மனுஷத் தொடையும் ஒன்றுதான், சேவல் நெஞ்சும் ஒன்றுதான். வெத்துக்காலென்றால் குத்தவைத்து, முழங்காலுக்கு நடுவில் சேவலை அணைத்தபடி, மூக்கோடு மூக்கு வைத்து விடலாம். சென்னியப்பன் குத்தவைத்தான். செங்கீரி பறந்தது. அவன் தொடை பிளந்தது. வண்டி வருவதற்குள் ரத்தமெல்லாம் மண்ணுக்குப் போய்விட்டது. அர்த்தநாரி சொன்னான், அவன் குடித்திருந்தான், இடுப்பில் செருகியிருந்த தன் கத்திமேல் தானே விழுந்தான் என்று. ஊர் தலையை ஆட்டியது. ஆட்டிய தலை பதினோரு வருஷமாக நிற்கவில்லை. ரேஷன் வரிசையில், சீர் வீட்டில், எழவு வீட்டில், எங்கே போனாலும் நான் குடித்துவிட்டுத் தன் கத்தியில் தானே விழுந்தவனின் பெண்டாட்டி. சென்னியப்பன் வாழ்நாளில் டீக்கு மேல் எதையும் குடித்ததில்லை, அதுவும் பாதி டம்ளர்.

அந்தச் சேவல் அதற்கப்புறம் நாலு வருஷம் அர்த்தநாரியின் வாசலில் கொழுத்துத் திரிந்து கிழடாகிச் செத்தது. நான் தலைச்சுமையோடு அந்த வழியாகத்தான் போவேன், நாலு வருஷம் தினமும் பார்த்தேன், அதன் இறகு ஒவ்வொன்றும் எனக்குப் பாடம். அதைத்தான் செதுக்கினேன். முழுசாகச் செதுக்கி முடித்துக் கழுத்தில் ஒரே இழுப்பாக முனையை இழுத்து அறுக்க வேண்டும் என்பது என் எண்ணம். காலில் கத்தி போடவில்லை. அவ்வளவு மெல்லிய கோடு அப்போது என் கைக்கு வராது. கண்ணை வைத்தேன், அது முழித்துக்கொண்டது. கழுத்துக்கு மிஷினைக் கொண்டுபோனால் மூலைக்குத் தாவியது. மூலைக்குப் போனால் மேலே பறந்தது. மத்தியானம் வரைக்கும் துரத்தினேன். கண்ணாடி முழுக்க நான் போட்ட வெட்டுக்கோடுகள் வேலங்காடாகி அதற்கு ஒளியத் தோதாகப் போனதுதான் மிச்சம்; என் இரண்டு கையிலும் இருபது கொத்து.

சத்தம் கேட்டுப் பாவாயி வந்தாள். கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். அதற்குள் சேவல் எப்படி வந்தது, உயிர் எப்படி வந்தது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

“வெத்துக்காலா, கத்திக்காலா?” என்று கேட்டாள்.

“உன்ற கண்ணுல என்ன, மண்ணா? வெத்துக்கால்.”

“கொண்டை சரியில்ல. ஆனா நிக்கிற தோரண நல்லாருக்குது,” என்றவள், போய் வீட்டுக்காரனைக் கூட்டிவந்தாள்.

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் என் வீட்டில். இது செங்கீரியா, செவலையா என்று சண்டை. எடை என்ன இருக்கும் என்று சண்டை. தீனி கேட்காத சேவல், எச்சம் போடாத சேவல், நரி தூக்காத சேவல் என்று ஒருவர் கணக்கெடுத்துச் சொல்ல, மறுநாள் விடிந்ததும் ஆளாளுக்கு வீட்டு ஜன்னலைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, “அக்கா, நமக்கும் ஒண்ணு” என்று நின்றார்கள். ஒரு சேவலுக்கு மூன்று கண்ணாடி தர வேண்டும் என்றேன். இரண்டு என்றார்கள். தொண்டையைப் பார்த்தேன். மூன்றுதான்.

இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராக ஒட்டவைத்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால் நடுவில் சண்டை நடக்கும். தோற்ற சேவல் வெள்ளைத் தூளாகிக் கீழ் விளிம்பு வழியாகக் கொட்டும், அதன் கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிடும். செத்த சேவல் ஜெயித்தவனுக்குக் கறி என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதைக் கோச்சை என்போம். வழக்கத்தை விடக் கூடாதென்று தூளைப் பொட்டலம் கட்டி ஜெயித்தவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பெண்கள் அதைக் கொண்டு பாத்திரம் விளக்கினார்கள். அந்தப் போசியில் சாப்பிட்டவர்களுக்கு உதட்டோரம் கீறி ரத்தம் வந்தது. பளபளப்பு வேறெதிலும் வராது என்பதால் விளக்குவதை விடவில்லை.

வைகாசிக்குள் என் கை தேறியது, கத்திக்கால் கேட்டார்கள், கத்தி போட்டேன். கண்ணாடிச் சேவலின் கத்தி கண்ணாடிக்கு வெளியே ஒரு சாண் வெட்டும். முடிவெட்டுகிறவரின் காது மடல் போனது. மில் வேலைக்குப் போகிற ஒருத்திக்குக் கன்னம் இரண்டாகப் பிளந்தது. கம்பவுண்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி நூலைக் கோர்த்தே வைத்திருந்தார், தையல் போட்டுக்கொண்டவர்கள் அந்தக் கையாலேயே டியூபைக் கட்டினார்கள், குழந்தை குளிக்கும்போது சேவல் இருக்கிற ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டார்கள், அவ்வளவுதான், அதற்குமேல் ஊர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கோயிலில் பூசாரி கண்ணாடிக்குத் திருநீறு பூசிக் கொடுத்தார், அவர் மணிக்கட்டும் கிழிந்தது, மறுகையால் பூசினார்.

போலீஸ் வந்தது. சேவக்கட்டு தடை.

“கோழி எங்க?” என்றார் ஏட்டு.

“கண்ணாடிலங்.”

“புடிச்சு வண்டில ஏத்துங்க.”

பிடிக்கப்போனவரின் புறங்கை எலும்பு தெரிய வெட்டுப்பட்டது. கண்ணாடி உடைந்து காயம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுவாரம் ஏட்டு சம்சாரம் முந்தானைக்குள் ஒரு கண்ணாடியோடு வந்து, “அவுரு சொன்னாருன்னு வெளிய சொல்லீராதீங்க்கா, கறுப்பா ஒண்ணு போட்டுக் குடுங்க” என்றாள்.

இத்தனை பேருக்கும் இத்தனை சேவல் நான் போட்டது மூன்று கண்ணாடிக்காக இல்லை. ஏதாவதொன்று செங்கீரியைக் கொல்லட்டும் என்று. காக நிறம் போட்டேன், மயில் நிறம் போட்டேன், இரண்டு காலிலும் கத்தி வைத்துப் போட்டேன். செங்கீரி வெறும் அலகாலும் வெறும் காலாலும் முப்பத்து நாலைத் தூளாக்கியது. ஒவ்வொரு தடவையும் டியூபை அவிழ்க்கும்போது அது என்னைத்தான் பார்க்கும். நான் கண்ணாடிமேல் துப்புவேன்.

ஆடி மாதம் அர்த்தநாரி வந்தான். சலவை வேட்டி, கழுத்தில் துண்டு, பின்னால் நாலு பேர்.

“அம்மிணி, அது என்ற சாவல்,” என்றான்.

“ஏனுங்ணா, நாஞ் செதுக்குனது உங்குளுதா?”

“செதுக்குனது நீ. வளத்துனது நானு. ஊரே சொல்லுது அது செங்கீரின்னு. வளத்துனவனுக்குத்தான சொந்தம்?”

“செத்ததுக்கும் சொந்தம் கொண்டாடறீங்க. அப்ப அது செஞ்ச கொலைக்கும் சொந்தம் நீங்கதானுங்களா?”

“உன்ற புருசன் குடிச்சுட்டு விழுந்தான். எத்தன வருசத்துக்கு இதையே பேசுவ?”

கையில் இருந்த சுத்தியலை எறிந்தேன். அவன் காதோரம் போய்ச் சுவரில் பட்டது. அவனும் சும்மா இல்லை, என் தோளைப் பிடித்துத் தள்ளியதில் கண்ணாடி அடுக்கின்மேல் விழுந்து முதுகு கிழிந்தது. நாலு பேர் பிடித்துப் பிரித்தார்கள். ரத்தம் ஊறிய ரவிக்கையோடு எழுந்து நின்றேன், எழுந்ததும் பேரம் பேசினேன். பேரத்தில்தான் எனக்கு மூச்சு நிதானத்துக்கு வரும்.

“ஞாயித்துக்கெழம ஏரி மேட்டுல, ஊருக்கு முன்னால, கண்ணாடிய வெக்கறேன். நீ கூப்புடு. வந்தா எடுத்துட்டுப் போ. வல்லீன்னா, என்ற புருசன் குடிக்கலன்னு அதே எடத்துல சொல்லோணும்.”

அவன் தொண்டையைப் பார்த்தேன். விழுங்கினான். ஆனால் பின்னால் நாலு பேர் இருந்தார்கள், முப்பத்து நாலு ஜெயித்த சேவல் இருந்தது. “சேரி” என்றான்.

எனக்கு ஒரு நம்பிக்கை. நான் செதுக்கியது, என் ரத்தம் குடித்தது, அவனிடம் எப்படிப் போகும் என்று.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் ஏரி மேடு நிறைந்திருந்தது. கண்ணாடியை ஒரு பழைய நிலவுச் சட்டத்தில் செருகி நிறுத்தியிருந்தேன். செங்கீரி நான் போட்ட கீறல்களுக்குள்ளே இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது, வழக்கம்போல ஒரு நொடி நிற்கவில்லை. மிஷின் என் கையில் இருந்தது. தோற்றால் கண்ணாடியையே குறுக்கே கிழித்துவிடுவது என்று வந்திருந்தேன்.

அர்த்தநாரி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். வேட்டியைத் தொடைவரைக்கும் ஏற்றிக்கொண்டு, ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலை மடக்கி வைத்துக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இரண்டு தடவை சொடுக்கினான்.

சேவல் ஓட்டத்தை நிறுத்தியது. திரும்பியது. கண்ணாடியின் விளிம்புவரைக்கும் பூனைக்குட்டி மாதிரி வந்தது. வந்து, ஒற்றைக்காலில் நின்று, இடது காலை அவன் தொடைப் பக்கமாக நேரே நீட்டியது. நீட்டிய காலை மடக்காமல், இறகு அசையாமல், காத்து நின்றது.

“பாத்தீங்களா, வந்துருச்சு,” என்று சிரித்தபடி அர்த்தநாரி திரும்பினான். யாரும் சிரிக்கவில்லை. அங்கே நின்றவர்கள் பிறந்ததிலிருந்து சேவலோடு கிடந்தவர்கள். பாவாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“காலு நீட்டுது.”

“ஆமா, நீட்டுது,” என்றார் முடிவெட்டுகிறவர், மடலில்லாத காதைத் தடவிக்கொண்டு. “வெத்துக்கால் சாவலுக்குக் காலு நீட்டத் தெரியாதுங்களே.”

தெரியாது. எந்தச் சேவலும் தானாகக் காலை நீட்டாது. குஞ்சிலிருந்து எடுத்து, ஆள் உட்கார்ந்து சொடுக்குப் போட்டதும் நீட்டு, கத்தி கட்டி முடிக்கிறவரைக்கும் ஆடாதே என்று மாதக்கணக்கில் பழக்கினால்தான் நீட்டும். செங்கீரியை வெத்துக்கால் என்று சொல்லித்தான் அவன் ஊர் ஊராக இறக்கியிருந்தான். இப்போது அது அத்தனை கண்ணுக்கும் முன்னால், கட்டு என்று காலை நீட்டிக்கொண்டு நின்றது. பேரத்தில் நான் தோற்றேன். சேவல் அவனிடம்தான் போனது. நான் அப்படியே நின்றேன், முதுகுத் தையலில் வேர்வை இறங்கி எரிந்தது, பதினோரு வருஷமும் அந்தக் காலின் நுனியில் வந்து நின்றது.

“அது… வயசான சாவல், காலு மரத்திருக்கும்,” என்றான் அர்த்தநாரி. எழுந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று எழாமல் இருந்தான்.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மிஷினை ஓட்டினேன்.

“என்ன பண்ற?”

“கட்டச் சொல்லுதே, கட்டறேன். கத்திக்கு மூணு கோடு. முதுகு ஒண்ணு, வாய் ஒண்ணு, முனை ஒண்ணு. மூணாவது கோட்டுக்குள்ள சொல்லிரு, கைய எடுத்தர்றேன்.”

செங்கீரி அசையவில்லை. கொத்தவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அழுத்தாமல், மயிரிழை மாதிரி, முதல் கோட்டைப் போட்டேன். வெள்ளையாய்ப் பளிச்சென்று வந்தது. அர்த்தநாரியின் மேலுதட்டில் வேர்வை. ஓடலாம், ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கோட்டைப் பாதம் வரைக்கும் இறக்கினேன்.

“கட்டியிருந்தேன்,” என்றான். “நிறுத்து. கட்டியிருந்தேன்.”

நான் சொன்ன சொல்லில் நிற்கிறவள். கையை எடுத்தேன், மிஷினை அணைத்தேன். ஆனால் கண்ணாடியில் போட்டது போட்டதுதான். செங்கீரி காலைக் கீழே வைத்துப் பார்த்தது, ஒரு தடவை உதறிப் பார்த்தது. அதற்கு இரண்டு கோடே போதுமாக இருந்தது. பறந்தது.

அவன் தொடையின் உள்பக்கம், சென்னியப்பனுக்குப் பிளந்த அதே இடம், வாய் மாதிரித் திறந்தது. ரத்தம் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது, சட்டத்தில் அடித்தது, முன்வரிசைச் சட்டைகளில் அடித்தது. ஊர் மொத்தமும் பத்தடி பின்வாங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் பின்வாங்கியிருப்பார்கள். ஒருவன் கைவைத்து அமுக்கியிருந்தால் சென்னியப்பன் பிழைத்திருப்பான் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் அப்போது என்னிடம் சொன்னார்; எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டேன், காட்டினார்; பதினோரு வருஷமாக அந்த இடம் எனக்குத் தெரியும். கவட்டுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து, எலும்பு தட்டுகிற வரைக்கும் அமுக்கினேன். பீய்ச்சல் நின்றது. விரலுக்கடியில் குஞ்சு மாதிரி துடித்தது.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க,” என்று கத்தினேன். நாலைந்து பேர் செல்போனை எடுத்தார்கள்.

அர்த்தநாரி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய் என் மடியில் கிடந்தான். “விட்றாத வேலாத்தா,” என்றான். “விட்றாத தாயி.”

“விடல. மொதல்லருந்து சொல்லு.”

“சொல்லிட்டனே…”

“எனக்குச் சொன்ன. அவுங்களுக்குச் சொல்லு.”

சொன்னான். வெத்துக்கால் என்று பேசிவிட்டு இறகுக்குள் மறைத்துச் சின்னக் கத்தி கட்டியதை, சென்னியப்பன் நம்பிக் குத்தவைத்ததை, பிளந்ததும் தானே கத்தியை அவிழ்த்து அவன் இடுப்பில் செருகியதை, கூட்டத்தில் பார்த்த இரண்டு பேருக்கு வாயை மூடச் சொல்லி ஆளுக்கொரு கோழிக்குஞ்சு கொடுத்ததை. அந்த இரண்டு பேரும் கூட்டத்தில்தான் இருந்தார்கள், அவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சென்னியப்பன் தண்ணீர் கேட்டதையும், கொடுக்காததையும் சொன்னான். அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. என் விரல் தானாக நழுவப் பார்த்தது. மறுகையால் அந்த விரலைப் பிடித்து அமுக்கினேன்.

“குடிச்சிருந்தானா?”

“இல்ல.”

“முழுசாச் சொல்லு.”

“சென்னியப்பன்… குடிக்கல.”

தூரத்தில் கரூர் ரோட்டில் சைரன் கேட்டது. ஏரி மேட்டில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து, யாரென்று தெரியவில்லை, ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது:

“எங்குளுக்குச் செரியாக் கேக்கலீங்க.”

நான் கட்டைவிரலை ஒரு நூல் அளவு தளர்த்தினேன்.